காய்ந்த சேற்றை நம்பாதீர்கள்: பக்கிங்காம் கால்வாய்க் கரையில் நடப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, எங்கள் நடைக்குழுவில் புதிதாகச் சேர்ந்த பன்னிரண்டு பேர் பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன் வாசலில் கூடினார்கள். மாசி மாதத்தை எங்கள் குழு எப்போதும் தவறவிடாது. மழைக்காலத்துத் தண்ணீர் வடிந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, எண்ணூர் முகத்துவாரத்தில் குளிர்காலப் பறவைகள் கொஞ்சம் மிச்சமிருக்கும். கால்வாய்க் கரையைப் பிடித்து வடக்கே நடக்க இதைவிட நல்ல மாதம் கிடையாது. இந்த முறை வழிகாட்டும் பொறுப்பைப் புதியவர்களிடமே கொடுத்துவிட்டு, நான் கடைசி ஆளாக நடந்தேன். ஏழு வருடத்துக்கு முன் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்தார்கள். ஓர் இடத்தில் கத்திக் கூப்பிட்டு நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

தண்ணீர் பாட்டில், தொப்பி, நல்ல ஷூ எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் போகவில்லை.

பஞ்சக் கதையைத் தப்பான இடத்தில் சொல்வது

பாலத்தில் நின்றபடி ஒரு தம்பி, "தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வெட்டிய கால்வாய் இது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பஞ்ச நிவாரண வேலையாக 1877-78இல் வெட்டியது கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற எட்டு கிலோமீட்டர் துண்டு. அது தெற்கே இருக்கிறது. நாம் நடக்கிற வடக்குப் பகுதி அதற்கு எழுபது வருடம் மூத்தது. 1806 வாக்கில் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டியது. அவர் பெயரில் காக்ரேன் கால்வாய் என்று இருந்தது. பஞ்ச காலத்தில் கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் 1878இல் வந்தது. பழைய பெயர் காக்ரேன் பேசின் ரோட்டில் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விறகும் உப்பும் ஏற்றி வந்த படகுகள் நின்று சரக்கு இறக்கிய இடம்தான் பேசின். வடசென்னையின் கதை இந்தச் சரக்கும் படகும். பட்டினியில் மண் சுமந்தவர்களின் கதையை அவர்கள் மண் சுமந்த இடத்தில் போய்ச் சொல்லுங்கள்.

காய்ந்த சேற்றில் கால் வைப்பது

இதைப் பற்றி நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

கால்வாய்க் கரை ஒரே நீளமாகப் போகாது. வழி நெடுக ஏதாவது வடிகால் வந்து சேரும், கரை அறுந்து நிற்கும். மாசியில் அந்த வாய்களில் தண்ணீர் வற்றி, மேலே சாம்பல் நிறத்தில் பாளம் பாளமாக வெடித்த மண் தெரியும். எதிர்க்கரை பத்தடிதான். தெருவழியாகச் சுற்றினால் இருபது நிமிடம். பத்தடிக்கு இருபது நிமிடமா என்று மனசு கேட்கும்.

ஏழு வருடத்துக்கு முன் சடையங்குப்பம் பக்கம் என் மனசும் கேட்டது. அன்றைக்கு நான்தான் வழிகாட்டி. வெடித்த மண்மேல் நாய் நடந்து போன தடம் அழகாகப் பதிந்திருந்தது. அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் தள்ளி, தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா தலையைத் தூக்கி, "தம்பி, அது உளைப்பா. கால வெச்சா வுடாது" என்றார். உளை என்றால் காலைக் கவ்வும் சேறு. நான் சிரித்துக் கையாட்டிவிட்டு, "வாங்க, வாங்க" என்று குழுவைக் கூப்பிட்டேன்.

நான் தாண்டிவிட்டேன். எனக்குப் பின்னால் வந்த அண்ணன் என்னைவிடக் கனமானவர், ஆட்டோ ஓட்டுபவர். மூன்றாவது எட்டில் அவருக்குத் தொடைவரை உள்ளே போய்விட்டது. பதறி நாலு பேர் கையைப் பிடித்து நேராக மேலே இழுத்தோம். அது இரண்டாவது தப்பு. இழுக்க இழுக்கச் சேறு கவ்வியது. உள்ளே கிடந்த கண்ணாடிச் சில்லு குதிகாலைப் பிளந்துவிட்டது. தையல், ஊசி, அப்புறம் சீழ். ஆறு வாரம் அவர் ஆட்டோவைத் தொடவில்லை. அந்த ஆறு வாரமும் அவர் வீட்டில் வருமானம் இல்லை. குழுவில் கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுத்தோம், அது போதவில்லை.

அந்த மண் ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். கால்வாய்க்குச் சரிவு கிடையாது, தண்ணீர் ஓடாமல் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழை அடித்து வரும் வண்டலும் ஊர்ச் சாக்கடையும் வடிகால் வாயில்தான் படியும். மாசி வெயில் மேல்தோலை மட்டும் காயவைக்கும். எண்ணூர் வழியாக ஏறி வரும் கடலின் ஏற்றம் தினமும் இரண்டு முறை அடியை நனைத்துவிட்டுப் போகும். மேலே அப்பளம், கீழே கூழ். நாயின் எடையைத் தாங்கும், மனுஷனைத் தாங்காது.

அந்தப் பகுதியில் ஆள் உயரக் கழி இல்லாமல் நடக்காதீர்கள். குத்திப் பாருங்கள். கழி ஒரு சாண் சுலபமாக இறங்கினால் திரும்பிவிடுங்கள். கழி நின்றாலும் முதலில் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். யாராவது மாட்டிக்கொண்டால் நேராக இழுக்க வேண்டாம். அவரைப் பின்னால் சாய்ந்து உட்காரச் சொல்லுங்கள், பையையோ பலகையையோ அடியில் கொடுங்கள். காலை மெல்ல மெல்ல ஆட்டினால் இடுக்கில் தண்ணீர் இறங்கி, பிடி தளரும்.

போன ஞாயிறு நான் கத்தியது இதற்குத்தான். "காய்ஞ்சுதானே சார் இருக்கு" என்றார் முன்னால் போன புதுப் பெண் ஒருவர். ஏழு வருடத்துக்கு முன் நான் நினைத்ததும் இதேதான். எல்லோரையும் தெருவழியாகச் சுற்றி அழைத்துப் போனேன். இருபத்திரண்டு நிமிடம் ஆனது.

தண்டவாளத்தைக் குறுக்கு வழியாக்குவது

ஒரு தடவைகூட வேண்டாம்.

போன வழியே திரும்பத் திட்டமிடுவது

காலையில் தாண்டிய இடம் ஏற்றம் வந்தபின் அதே மாதிரி இருக்காது. ஏற்றம் வரும் நேரமும் தினம் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும், போன வாரக் கணக்கு இந்த வாரத்துக்கு உதவாது. அதுவும் இல்லாமல், பதினோரு மணிக்கு மேல் நிழலே கிடையாது. கால்வாய்க்குக் கிழக்கே கும்மிடிப்பூண்டி லைன் கூடவே வருகிறது. திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று எந்த ஸ்டேஷனிலும் நடையை முடித்து ரயில் ஏறிவிடலாம். ஒரு வழி நடை, ஒரு வழி ரயில். இது போதும்.

காற்றை மறப்பது

கொடுங்கையூர்க் குப்பைமேடு கால்வாய்க்கு மேற்கே இருக்கிறது. விடியற்காலையில் நிலக்காற்று அங்கிருந்து நம் பக்கம் வீசும். கடற்காற்று திரும்ப முற்பகலாகிவிடும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் கொருக்குப்பேட்டையில் இறங்கி நடக்காமல், வடக்கே இன்னும் சில ஸ்டேஷன் தள்ளிச் சேர்ந்துகொள்ளட்டும்.

வீட்டு வாசலைப் படம் எடுப்பது

கரையில் குடியிருப்பவர்கள் காட்சிப் பொருள் இல்லை. கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் பைக்குள் வையுங்கள்.

நாற்றத்தைப் பார்த்துப் பாதியில் விடுவது

வியாசர்பாடி தாண்டியதும் இரண்டு பேர் "இது சாக்கடை சார், திரும்பிடலாம்" என்றார்கள். எண்ணூர் வரை போகாதவர் இந்தக் கால்வாயைப் பார்த்ததாகவே நான் ஏற்க மாட்டேன். அங்கே கொசஸ்தலையாற்று நீரும் கடல் நீரும் கால்வாயோடு கலக்கின்றன. அலையாத்திச் செடிகள் நிற்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து இந்தத் தண்ணீரை மூடியது. அந்த நாட்களில் இங்கே வலையையும் படகையும் இழந்தவர்கள் இன்னும் இதே நீரில்தான் இறங்குகிறார்கள். போன ஞாயிறு அங்கே ஒரு அக்கா அரைக்கூடை இறாலோடு கரையேறினார். புதுப் பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்து, எந்த இடத்தில் தரை கெட்டி, எந்த இடத்தில் உளை என்று முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பிடிக்க நினைத்த ரயில் போய்விட்டது. அடுத்ததில் ஏறினோம்.