மூன்று இறக்கைப் போர் விமானங்கள்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் உலகப் போரின் டிரைபிளேன்களைப் பற்றி எழுத உட்காரும் பலர் எடுத்த எடுப்பிலேயே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இரண்டு இறக்கைக்குப் பதில் மூன்று, அதனால் தூக்கும் விசை அதிகம், அதனால் வேகம் அதிகம் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். இந்தக் கணக்கு அடியோடு தப்பு. இந்தத் தலைப்பில் உலவும் மற்ற பிழைகளில் பெரும்பாலானவை இதிலிருந்து முளைத்தவைதான். 1917-இல் ஜெர்மன் ராணுவமும் இதே கணக்கைத்தான் போட்டது என்பது தனிக் கதை.

போர்முனைக்குச் சென்ற முதல் ராணுவ டிரைபிளேன் பிரிட்டனின் சாப்வித் கம்பெனி செய்தது. ஹெர்பர்ட் ஸ்மித் வடிவமைத்தார். 1916 மே 28 அன்று சோதனை விமானி ஹாரி ஹாக்கர் அதை முதன்முதலாக ஓட்டினார். தரையை விட்டுக் கிளம்பிய சில நிமிடங்களிலேயே மூன்று முறை தலைகீழாக வட்டமடித்துக் காட்டினார். இதற்கு முந்தைய சாப்வித் பப் இரண்டடுக்கு விமானம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இறக்கையின் நீளம் இரண்டுக்கும் ஒன்றே, சுமார் 8.08 மீட்டர். பப்பின் மொத்த இறக்கைப் பரப்பு 254 சதுர அடி. டிரைபிளேனுக்கு 231 சதுர அடிதான். ஓர் இறக்கை கூடியிருக்கிறது, பரப்பு குறைந்திருக்கிறது! "அதிக இறக்கை, அதிக பலம்" என்ற வாதம் இங்கேயே படுத்துவிடுகிறது. போதாததற்கு, ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இறக்கைகள் ஒன்றின் காற்றோட்டத்தை இன்னொன்று கெடுக்கும்; காற்றின் இழுவையும் கூடும்.

பிறகு எதற்கு மூன்று? ஒவ்வோர் இறக்கையையும் குறுகலாக்கத்தான். சாப்வித் டிரைபிளேனின் இறக்கை முன்னிருந்து பின்னாக ஒரு மீட்டர் அகலம்கூட இல்லை. நடு இறக்கை விமானியின் கண் மட்டத்தில் இருந்ததால், அதன் விளிம்பு மட்டும் கண்ணில் படும். மேலும் கீழும் தாராளமாகப் பார்க்கலாம். எதிரியை யார் முதலில் பார்க்கிறார்கள் என்பதில் உயிர் தொங்கும் சண்டையில் இது பெரிய வரம். இறக்கை குறுகலானால், விமானம் மூக்கைத் தூக்கும்போதும் தாழ்த்தும்போதும் தூக்குவிசை செயல்படும் புள்ளி அதிகம் நகராது. அதனால் உடலைக் குட்டையாக வைத்தே சமாளிக்கலாம். மூன்று இறக்கைகளிலும் எய்லரான் மடல்கள் இருந்ததால் சட்டென்று புரளவும் முடிந்தது. மேலேறும் வேகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எஞ்சினை மறந்துவிடுகிறார்கள். பப்பில் இருந்தது 80 குதிரைசக்தி எஞ்சின். டிரைபிளேனில் முதலில் 110, பிறகு 130 குதிரைசக்தி கிளெர்ஜே. அந்தப் பெருமையில் பெரும்பங்கு எஞ்சினுக்குச் சேர வேண்டும்.

இதை ஓட்டியது கடற்படை விமானப் பிரிவு. பிரிட்டிஷ் தரைப்படையின் விமானப் பிரிவு தனக்கு வரவேண்டிய டிரைபிளேன்களைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு பிரெஞ்சு ஸ்பாட் விமானங்களை வாங்கிக்கொண்டது. எனவே "பிரிட்டிஷ் விமானப்படை டிரைபிளேன்" என்று பொத்தாம்பொதுவாக எழுத வேண்டாம். கனடாக்காரர் ரேமண்ட் காலிஷா தலைமையில் 1917 கோடையில் பேரெடுத்த "பிளாக் ஃப்ளைட்" குழு கடற்படையின் 10-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்தது. மொத்த உற்பத்தியே ஏறத்தாழ 150 தான். பராமரிப்புத் தலைவலி வேறு: எண்ணெய், பெட்ரோல் தொட்டிகளைத் தொட வேண்டுமானால் இறக்கைகளையும் உடலையும் கழற்றியாக வேண்டும். சிறு பழுதுக்கும் பின்னணியில் இருந்த பணிமனைக்கு அனுப்ப வேண்டிய நிலை. வெளியே ஒப்பந்தத்தில் கட்டப்பட்ட சில விமானங்களில் தாங்குகம்பிகள் மெலிதாகப் போடப்பட்டன. செங்குத்தாகப் பாயும்போது இறக்கை முறிந்ததும் நடந்தது. சாப்வித்தின் அடுத்த போர் விமானமான கேமல் வந்ததும் இதற்கு விடைகொடுத்துவிட்டார்கள்.

அதற்குள் ஜெர்மனியில் டிரைபிளேன் மோகம் பிடித்துவிட்டது. ஆல்பட்ராஸ், ஃபால்ஸ், ஏ.இ.ஜி. என்று கம்பெனி தவறாமல் ஒரு டிரைபிளேன் செய்து பார்த்தார்கள். நிலைத்தது ஃபாக்கர் மட்டுமே. சாப்வித்தின் வெற்றிக்குக் காரணம் இறக்கையின் எண்ணிக்கை என்று நினைத்ததன் விளைவு இது.

"ஃபாக்கர், சாப்வித்தைக் காப்பியடித்தார்" என்ற வரி அடுத்த தவறு. சாப்வித்தைப் பார்த்துத் தூண்டுதல் பெற்றது உண்மை. கட்டுமானம் முற்றிலும் வேறு. சாப்வித்தின் உடல் மரச்சட்டம். இறக்கைகளைக் கம்பிகள் இழுத்துப் பிடித்திருந்தன. ஃபாக்கரின் உடல் பற்றவைத்த எஃகுக் குழாய்; இறக்கைகள் தடித்தவை, உள்ளே இருந்த பெட்டிவடிவ மரச்சட்டத்தின் பலத்திலேயே நின்றன. வி.4 என்ற முதல் மாதிரியில் இறக்கைகளுக்கு இடையே தாங்குகட்டையே கிடையாது. பறக்கும்போது இறக்கைகள் அதிர்ந்ததால்தான் பிறகு ஒற்றைக் கட்டை சேர்த்தார்கள். எய்லரான் மேல் இறக்கையில் மட்டும். படத்தைப் பார்த்தே இரண்டையும் பிரித்துவிடலாம்: கம்பிகள் தெரிந்தால் சாப்வித். ஃபாக்கரை வடிவமைத்தவர் கம்பெனி முதலாளி அந்தோனி ஃபாக்கரே என்று எழுதுவதும் சரியல்ல. வழக்கமாகச் சொல்லப்படும் பெயர் ரைன்ஹோல்ட் பிளாட்ஸ், அவருடைய பங்கு எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் சண்டை ஓயவில்லை.

இறக்கை முறிந்த விவகாரத்தைத்தான் மிகவும் கவனமாக எழுத வேண்டும். 1917 அக்டோபர் கடைசியில் ஜெர்மன் விமானி ஹைன்ரிஷ் கோண்டர்மான் சாகசப் பறத்தல் செய்துகொண்டிருந்தபோது அவருடைய டிரைபிளேனின் மேல் இறக்கை சிதைந்து விழுந்தார். ஓரிரு நாளில் இன்னொரு விமானி, குன்ட்டர் பாஸ்டர், நேராகப் பறந்துகொண்டிருக்கும்போதே இதே கதிக்கு ஆளானார். எல்லா ஃபாக்கர் டிரைபிளேன்களும் பறக்காமல் நிறுத்திவைக்கப்பட்டன. இறக்கைத் துணியைக் கிழித்துப் பார்த்தபோது உள்ளே ஈரம் ஏறியிருந்தது, பசை விட்டிருந்தது, விலாச்சட்டங்கள் கழன்றிருந்தன. வேலை ஒழுங்கீனம் என்று ஃபாக்கர் மேல் பழி விழுந்தது. உள்பாகங்களுக்கு வார்னிஷ் பூசி, மேற்பார்வையை இறுக்கி, நவம்பர் இறுதியில் திரும்பப் பறக்கவிட்டார்கள். இத்துடன் கதையை முடித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் 1918-இலும் மேல் இறக்கை முறிவது நிற்கவில்லை. மார்ச் 13 அன்று மன்ஃபிரட் ஃபான் ரிச்தோஃபெனின் தம்பி லோத்தர் இதே காரணத்தால் விழுந்து படுகாயமடைந்தார். 1929-இல் அமெரிக்காவின் விமான ஆய்வு அமைப்பான என்.ஏ.சி.ஏ. செய்த ஆய்வில்தான் ஒரு விஷயம் தெரியவந்தது: அதிவேகத்தில் மேல் இறக்கையின் தூக்குவிசைக் கெழு (ஒரே பரப்பு, ஒரே வேகத்தில் எவ்வளவு தூக்குகிறது என்ற அளவு) கீழ் இறக்கையினுடையதைப்போல் 2.5 மடங்குக்கும் மேல். ஆக, பசையும் குற்றவாளி, சுமை சமமாகப் பகிரப்படாததும் குற்றவாளி. ஒன்றை மட்டும் சொன்னால் பாதி உண்மைதான்.

வேகத்துக்கு வருவோம். ஃபாக்கர் டிரைபிளேன் மெதுவான விமானம். எதிரியின் போர் விமானங்களான பிரிட்டிஷ் எஸ்.இ.5ஏ-யும் ஸ்பாடும் அதைவிட வேகமானவை. அதன் பலம் ஏறுவதிலும் சட்டென்று திரும்புவதிலும் இருந்தது. 1917 செப்டம்பர் 23 அன்று ஜெர்மன் விமானி வெர்னர் ஃபாஸ், பிரிட்டிஷ் 56-ஆம் ஸ்குவாட்ரனின் எஸ்.இ.5ஏ விமானங்களை ஒற்றையாளாக எதிர்த்தார். அவற்றில் பலவற்றைத் துளைத்தார். சுற்றிச் சுழன்று திரும்பித் தாக்க அந்த விமானம் இடம்கொடுத்தது, நேர்கோட்டில் ஓடித் தப்ப இடம்கொடுக்கவில்லை. அந்த ஸ்குவாட்ரனின் ரிஸ் டேவிட்ஸின் குண்டுகளுக்கு வீழ்ந்தபோது ஃபாஸுக்கு வயது 20. அவர் ஓட்டியதை "டாக்டர்-ஒன்" என்று எழுதிவிடாதீர்கள்: முன்மாதிரிகளான 102/17, 103/17 எண் விமானங்கள் இரண்டுக்கும் பெயர் எஃப்.1. மற்றவைதான் டி.ஆர்.1. அந்த எழுத்துகள் மூன்றடுக்கைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் சுருக்கம், மருத்துவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எஞ்சினைப் பற்றி ஒரு வரி. இரண்டு விமானங்களிலும் இருந்தது ரோட்டரி: நடுத்தண்டு அசையாது, சிலிண்டர்கள் முழுவதும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுழலும். பின்னால் வந்த ரேடியல் எஞ்சின் பார்வைக்கு அப்படியே இருந்தாலும் அதில் சிலிண்டர்கள் நிற்கும். ரோட்டரிக்கு வேண்டியது விளக்கெண்ணெய். முற்றுகையில் சிக்கிய ஜெர்மனிக்கு அது கிடைக்கவில்லை. மாற்று எண்ணெயில் ஓடிய எஞ்சின்கள் சீக்கிரமே மண்டையைப் போட்டன.

"ரெட் பேரன்" எனப்படும் செம்பிரபு, ஜெர்மன் விமானி மன்ஃபிரட் ஃபான் ரிச்தோஃபெனின் 80 வெற்றிகளையும் சிவப்பு டிரைபிளேன் கணக்கில் எழுதுவதுதான் எல்லோருக்கும் தெரிந்த தவறு, எல்லோரும் செய்கிற தவறும்கூட. டிரைபிளேனில் அவர் பெற்றவை 19. பெரும்பாலான வெற்றிகள் ஆல்பட்ராஸ் இரண்டடுக்கு விமானங்களில் கிடைத்தவை. டிரைபிளேனில் முதல் வெற்றி 1917 செப்டம்பர் 1 அன்று. எதிரி விமானத்தில் இருந்தவர்கள் தன் விமானத்தை ஆங்கிலேய டிரைபிளேன் என்று நினைத்து ஏமாந்திருக்கலாம் என்று அவரே அறிக்கையில் எழுதினார். 1918 ஏப்ரல் 21 அன்று 425/17 எண்ணுள்ள டிரைபிளேனில் அவர் இறந்தார் என்பதால் இந்த விமானம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே அவர் கேட்டுக்கொண்டிருந்தது ஃபாக்கர் டி.7 என்ற இரண்டடுக்கு விமானத்தை.

படக்குறிப்பு எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். அருங்காட்சியகங்களிலும் விமானக் காட்சிகளிலும் இன்று காணும் ஃபாக்கர் டிரைபிளேன்கள் யாவும் பிற்காலத்தில் கட்டிய நகல்கள். கட்டப்பட்ட 320-இல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பெர்லினில் வைத்திருந்த 152/17 இரண்டாம் உலகப் போரில் அழிந்தது. சாப்வித்தில் அசல் இரண்டு உண்டு: என்5912 லண்டன் ஹெண்டனில், ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்ட என்5486 மாஸ்கோ அருகே மோனினோவில்.