கோல்கீப்பரை மாற்றும் முன் கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள்

கால்பந்தில் மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்றால் எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் முதலில் கோல்கீப்பர் மாறுவார், அடுத்து பயிற்சியாளர் மாறுவார். காவேரிப்பட்டணத்துப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்த முதல் வருடம் நானும் அப்படித்தான் ஒரு கீப்பரை வெளியே உட்கார வைத்தேன். ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து வந்தது என்று கணக்கு எழுதத் தொடங்கிய பிறகே என் அவசரம் புரிந்தது.

முதல் வேலை, நோட்டில் ஆட்டத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, இரண்டு அரை மைதானங்கள் வரைவது: ஒன்று நமக்கு, ஒன்று எதிரணிக்கு. பெனால்ட்டி பாக்ஸின் கோடு கோல் கோட்டிலிருந்து 16.5 மீட்டர். நம் மைதானங்களில் சுண்ணாம்பு இடைவேளைக்குள் அழிந்துவிடும். ஓரத்தில் கல் வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டை மாற்று ஆட்டக்காரர் ஒருவரிடம் கொடுங்கள். நீங்களே எழுதினால் ஆட்டத்தைக் கோட்டைவிடுவீர்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும், அடித்த இடத்தில் ஒரு புள்ளி, அருகில் ஜெர்சி எண். கோலானால் வட்டம். பந்து வந்த வழிக்கு ஒரு எழுத்து: கார்னருக்கு ‘கா’, எதிரியிடம் பறித்ததற்கு ‘ப’. இந்த எழுத்தை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

எல்லா ஷாட்டும் ஒரே எடையல்ல. பெனால்ட்டிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று கோலாகின்றன. பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடிப்பவற்றில் நூற்றுக்குச் சிலதான். பெரிய கிளப்புகள் ‘எக்ஸ்ஜி’ (எதிர்பார்க்கப்படும் கோல்கள்) என்று தசமத்தில் கணக்கிடுவது இதைத்தான். நமக்கு கோலுக்கு நேர் எதிரே, பாக்ஸின் ஓரம், வெளியே என மூன்று எண்ணிக்கை போதும்.

எட்டுப் பத்து ஆட்டம் சேரும்வரை வாயைத் திறக்காதீர்கள். மாந்தோப்பைக் குத்தகைக்குப் பேச வருகிறவர் ஒரு மரத்தைப் பார்த்து விலை சொல்வாரா?

எங்கள் நோட்டில் எதிரணியின் வட்டங்கள் பாதிக்கு மேல் கோலுக்கு மிக அருகே, ‘கா’ எழுத்தோடு இருந்தன. யார் கீப்பராக நின்றாலும் அந்தப் பந்துகள் உள்ளேதான் போயிருக்கும். உதவிப் பயிற்சியாளருக்குக் கார்னர் தடுப்பை மட்டும் பொறுப்பாகக் கொடுத்தேன். கீப்பர் திரும்பி வந்தான்.

பயிற்சியாளரைத் தேடும்போதும் இதே நோட்டுதான். 2014-15இல் பயிற்சியாளர் யூர்கன் க்ளாப்பின் டார்ட்மண்ட் அணிக்கு ஜெர்மன் லீகில் ஏழாவது இடம். இங்கிலாந்து கிளப்பான லிவர்பூலின் ஆய்வாளர் இயன் கிரஹாம் வாய்ப்புகளைக் கணக்கிட்டபோது, அணி அதைவிட நன்றாகவே ஆடியிருந்தது தெரிந்தது. 2015 அக்டோபரில் லிவர்பூல் க்ளாப்பை எடுத்தது. 2019இல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பை கிடைத்தது. உங்களிடம் வேலை கேட்டு வருபவர் கோப்பைப் படங்களைக் காட்டினால் தேநீர் கொடுத்து உட்கார வையுங்கள். பிறகு அவருடைய அணி ஆடும் மூன்று ஆட்டங்களுக்கு நோட்டோடு போய்வாருங்கள்.