முட்டைக்கு இரண்டு வாத்து: சென்னை வீட்டுப் பின்கட்டில் வளர்க்கும் முறை

வாத்து வளர்க்கப் போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்டது, "குளத்துக்கு எங்கே போவ?" என்றுதான். முட்டை வாத்துக்குக் குளம் வேண்டாம். பகலில் தலை முங்கும் அளவு தண்ணீர், இரவில் ஈரமில்லாத படுக்கை, இரண்டும் போதும். சென்னையில் கஷ்டம் அந்தப் படுக்கைதான், அதிலும் ஐப்பசி, கார்த்திகையில்.

1. வாத்து

ஒன்றை மட்டும் வாங்காதீர்கள், துணையில்லாமல் ஓயாது கத்தும். இரண்டு பெட்டை போதும். குஞ்சு வேண்டுமென்றால்தான் ஆண் தேவை. உரக்கக் கத்துவது பெட்டை. தொண்டை கட்டியதுபோல் கரகரப்பது ஆண். காக்கி கேம்பல் இனம் ஐந்து மாதம்போல முட்டையிடத் தொடங்கும், நன்றாகக் கவனித்தால் ஆண்டுக்கு 300 வரை கூட இடும்.

2. கூண்டு

இரண்டுக்கு 4 அடிக்கு 3 அடி தாராளம். தரையைச் செங்கல் அடுக்கி அரை அடி உயர்த்துங்கள், மழைத் தண்ணீர் ஏறாது. நான் முதலில் மண் தரையாகவே விட்டேன். பெருச்சாளி வளை தோண்டி உள்ளே வந்துவிட்டது. நல்லவேளை, வாத்துகள் போட்ட கூச்சலில் விழித்துக்கொண்டேன். மறுநாளே செங்கல் பாவி, சுற்றிலும் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்ட் மெஷ் கம்பி வலை அடித்தேன்.

மேலே உமியோ மரத்தூளோ நான்கு விரல் கனம் பரப்புங்கள். வாத்தின் எச்சம் தண்ணியாக இருக்கும், ஒரே இரவில் சொதசொதவென்று ஆகிவிடும். தினமும் காலையில் ஈரமானதை அள்ளிவிட்டுப் புதிது தூவ வேண்டும். இதில் மட்டும் சோம்பல் கூடாது.

3. தீனியும் தண்ணீரும்

முட்டைக்கோழித் தீவனத்தைத் தண்ணீர் விட்டுப் பிசிறி வையுங்கள், வாத்துக்கு நாளைக்குச் சுமார் 150 கிராம். உலர்ந்த மாவு தொண்டையில் அடைக்கும். ஓடு கெட்டியாகக் கிளிஞ்சல் தூள் தனியாக. பூஞ்சை பிடித்த தீவனம் வாத்துக்கு விஷம். அந்த ஆபத்து கடலைப் புண்ணாக்கில் அதிகம், அதனால் நான் தொடுவதே இல்லை.

அரை அடி ஆழத் தொட்டி ஒன்று வேண்டும். தலையை முக்கித்தான் கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ளும். தினமும் மாற்றுங்கள், இல்லையென்றால் கொசு. பழைய தண்ணீர் வாழைக்கு. இரவில் கூண்டுக்குள் தண்ணீரும் வேண்டாம், தீனியும் வேண்டாம். கத்திரி வெயிலில் மட்டும் அடைக்கும் முன் வயிறாரக் குடிக்க விடுங்கள்.

4. முட்டை

பெரும்பாலும் விடியலிலேயே இட்டுவிடும். ஒன்பது மணிக்கு முன் திறந்துவிட்டால் செடி மறைவில் இட்டுவிட்டு வந்து நிற்கும், தேடுவது உங்கள் பாடு. மூலையில் கொஞ்சம் வைக்கோல் போட்டு வைத்தால் அங்கேயே இடும். நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

வாத்து பிளேக் என்ற தொற்றுநோய்க்கான தடுப்பூசியை எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் போட வேண்டும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள்.

அப்புறம், பக்கத்து வீட்டு அக்காவுக்கு வாரம் நாலு முட்டை கொடுத்துவிடுங்கள். விடியற்காலைக் கச்சேரிக்கு அதுதான் நஷ்டஈடு.