தொட்டியில் வளரும் அத்தியைக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் காப்பது எப்படி?

உறைபனி விழும் ஊர்களில் அத்தி வளர்க்கத் தொடங்குபவர்கள், முதல் குளிர்காலத்தில் மரத்தின் மேல் இரக்கப்பட்டே அதைக் கெடுத்துவிடுகிறார்கள். வெளியே குளிர்கிறதே என்று தொட்டியைத் தூக்கிவந்து, ஹீட்டர் ஓடும் அறையில் ஜன்னலோரம் வைக்கிறார்கள். அங்கே காற்று வறட்சி, வெயில் போதாது. மரம் இலையைக் கொட்டும். பிறகு வெளிறிய, நெட்டையான தளிர்களை விடும். சிவப்புச் சிலந்திப்பூச்சி வந்து அந்தத் தளிர்களையும் உறிஞ்சிவிடும்.

அத்தி, குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும் மரம். அதைத் தூங்க விட்டால் போதும். நீங்கள் செய்ய வேண்டிய வேலை மிகக் குறைவு. இங்கே சொல்வதெல்லாம் பழத்துக்காக வளர்க்கும் சீமை அத்திக்கு (ஃபைகஸ் கரிக்கா) மட்டுமே. நாட்டு அத்திக்கு இது பொருந்தாது.

இன்னும் மரம் வாங்கவில்லை என்றால் பிரவுன் டர்க்கி, சிகாகோ ஹார்டி, செலஸ்ட் போன்ற வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இவை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்ப்பவை. ஸ்மிர்னா வகைகளுக்கு அத்திக் குளவி வேண்டும். குளிர்ந்த ஊரில் அதற்கு எங்கே போவது?

படி 1: கோடை முடியும்போதே ஆயத்தம்

முதல் உறைபனிக்குச் சுமார் இரண்டு மாதம் இருக்கும்போதே உரத்தை நிறுத்துங்கள். தழைச்சத்து தொடர்ந்து கிடைத்தால் மரம் பச்சைக் கிளைகளை விட்டுக்கொண்டே இருக்கும். அவை குளிரில் கருகும். கிளை பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறி முற்ற வேண்டும்.

இலையுதிர்காலத்தின் கடைசியில் பழுக்காமல் நிற்கும் கல் போன்ற காய்களைப் பறித்துவிடுங்கள். விட்டால் அவை அழுகிக் கிளைக்கும் பூஞ்சை பரப்பும். ஆனால் கிளை நுனியில் பட்டாணிக்கும் சிறியதாக உருண்டையான மொட்டுகள் இருந்தால் தொடாதீர்கள். அடுத்த கோடையின் தொடக்கத்தில் வரும் முதல் காய்ப்பு அதுதான்.

படி 2: குளிரைச் சற்று உணரட்டும்

அவசரப்பட்டு உள்ளே கொண்டுவர வேண்டாம். லேசான உறைபனி ஓரிரு முறை பட்டால்தான் இலைகள் மஞ்சளாகி உதிரும், உறக்கமும் உறுதிப்படும். இரவு வெப்பநிலை மைனஸ் 3, 4 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும் என்று வானிலை அறிக்கை சொன்னால் உள்ளே எடுத்துவிடுங்கள். நிலத்தில் வேரூன்றி முற்றிய மரம் இதைவிடக் கடுமையான குளிரையும் தாங்கும். தொட்டியில் அப்படியில்லை, குளிர் நான்கு பக்கமும் புகுந்து வேரைத் தாக்கும்.

அப்போதும் இலைகள் ஒட்டிக்கொண்டிருந்தால் காம்போடு வெட்டி எடுங்கள். வெட்டிய இடத்தில் வெள்ளைப் பால் வடியும். அது தோலில் பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால் புண்ணாகும். கையுறை அவசியம்.

படி 3: சுத்தம் செய்து உள்ளே எடுப்பது

தொட்டி மண்ணின் மேல் கிடக்கும் இலைகளை அள்ளிவிடுங்கள். இலையில் துருநிறப் புள்ளி போடும் பூஞ்சை நோயான துருநோய் அவற்றில் தங்கும். கிளையை விரலால் தடவிப் பாருங்கள். நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும் பழுப்புப் புடைப்புகள் செதில்பூச்சிகள். இலையில்லாத மரத்தில் தோட்டக்கலை எண்ணெயைத் தெளித்தால் அவை அடங்கும்.

படி 4: சரியான இடம்

1 முதல் 7 டிகிரி வரை நிலைத்திருக்கும் இடம் வேண்டும். வீட்டோடு ஒட்டிய ஹீட்டர் இல்லாத கேரேஜ், நிலவறை, சாமான் அறை எதுவானாலும் சரி. வெளிச்சம் தேவையில்லை. இலையே இல்லாத மரத்துக்கு வெளிச்சம் எதற்கு? 10 டிகிரியைத் தாண்டினால் மரம் விழிக்கத் தொடங்கும்.

முடிவெடுக்கும் முன், அதிகபட்ச, குறைந்தபட்ச அளவைப் பதிவு செய்யும் வெப்பமானி ஒன்றைத் தொட்டி நிற்கப்போகும் உயரத்தில் சில இரவுகள் வைத்துப் பாருங்கள். கேரேஜ் கதவோரமும் வீட்டுச் சுவரோரமும் ஒன்றல்ல. சிமென்ட் தரையில் நேராக வைக்காமல் பலகை அல்லது தெர்மகோல் மேல் வையுங்கள். எலி நடமாட்டம் இருந்தால் அடிமரத்தைச் சுற்றிக் கம்பிவலை கட்டுங்கள். பட்டையை வளையமாகக் கொறித்துவிட்டால் அதற்கு மேலே உள்ள பகுதி பட்டுப்போகும்.

படி 5: தண்ணீர்

குளிர்காலத்தில் சாகும் தொட்டி அத்திகளில் பல, குளிரால் சாவதில்லை, ஊற்றிய தண்ணீரால் சாகின்றன. உறங்கும் வேர் நீரை அதிகம் உறிஞ்சாது. ஈரம் அப்படியே தேங்கி வேர் அழுகும். அதற்காக முழுவதும் காய விட்டாலும் நுண்வேர்கள் வறண்டு இறக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் வேலை.

சுட்டுவிரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். குளுமையாக, விரலில் மண் லேசாக ஒட்டினால் திரும்பிப் போய்விடுங்கள். பொடியாக உதிர்ந்தால் ஊற்றுங்கள். இருபது லிட்டர் தொட்டிக்கு ஒன்றிரண்டு டம்ளர் போதும். அடியில் வழியக் கூடாது. பெரும்பாலும் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றினாலே போதும். நாள்காட்டியில் குறித்து வைத்து ஊற்றுவது எனக்கு உடன்பாடில்லை. தொட்டியைச் சற்றுத் தூக்கிப் பார்த்து எடையை அறிவதே நம்பகமான வழி.

படி 6: உறங்கும்போதே கவாத்து

குளிர்காலக் கடைசியில், மொட்டு அசையும் முன் காய்ந்த கிளைகளையும் குறுக்கே உரசும் கிளைகளையும் நீக்குங்கள். முக்கியக் காய்ப்பு புதுக் கிளையில் வருவதால் வெட்டப் பயப்பட வேண்டாம். முதல் காய்ப்பு பழைய கிளை நுனியில் இருப்பதால் எல்லா நுனிகளையும் வெட்டிவிடாதீர்கள்.

இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மரத்தைத் தொட்டியிலிருந்து எடுத்து, சுற்றிலும் அடியிலும் வேர்ப்பந்தைச் சில சென்டிமீட்டர் அரிந்துவிட்டு, நீர் நன்றாக வடியும் புது மண்கலவையில் வையுங்கள்.

படி 7: எழுப்புவது

மொட்டு பருத்துப் பச்சை நுனி தெரிந்ததும் வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். இருட்டில் துளிர்த்த தளிர் வெளிறி நீண்டுவிடும். பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று சில வாரம் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கும். சக்கரம் வைத்த பலகை இருந்தால் முதுகு பிழைக்கும். முதலில் நிழல், பிறகு காலை வெயில் என்று ஒரு வாரம், பத்து நாள் பழக்குங்கள். கடைசி உறைபனி முடியும் வரை இரவில் வெளியே விடாதீர்கள். முற்றிய கிளை தாங்கும் குளிரைத் தளிர் தாங்காது. இலை விரிந்த பிறகே உரம்.

துளிர்க்கவே இல்லையென்றால் பட்டையை நகத்தால் கீறுங்கள். அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மேலே முழுவதும் பழுப்பானாலும் தூக்கி எறியாமல் கோடை வரை காத்திருங்கள். அத்தியைப் பெரும்பாலும் ஒட்டுக் கட்டாமல் குச்சி நட்டே வளர்ப்பதால், வேரிலிருந்து வரும் துளிரும் அதே வகைதான்.

குளிர்ந்த இடமே இல்லாதவர்களுக்கு

அடுக்குமாடி வீட்டில் கேரேஜுக்கு எங்கே போவது? அத்திக்கு நீண்ட குளிர் கட்டாயமில்லை. ஒரு குளிர்காலம் உறங்காமல் போனாலும் பெரிய நட்டமில்லை. ஆனால் ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பாதீர்கள். செடி வளர்ப்புக்கான எல்இடி விளக்கை நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரிய விடுங்கள். விழித்திருக்கும் மரம் வழக்கம்போல் தண்ணீர் குடிக்கும். வாரம் ஒருமுறை இலையின் அடிப்புறத்தைப் புரட்டிப் பாருங்கள். மெல்லிய வலையோ வெளிர்ப் புள்ளிகளோ தெரிந்தால் சிலந்திப்பூச்சிதான். குளியலறைக்குக் கொண்டுபோய் ஷவரில் இலைகளை இருபுறமும் கழுவிவிட்டு, நான்கைந்து நாள் கழித்து மறுபடியும் கழுவுங்கள்.