கம்பெனி திவாலானால் விபத்து இழப்பீடும் போய்விடுமா?

பிரஸ் மெஷினில் இரண்டு விரல் போயிருக்கும். இழப்பீட்டு வழக்கு பாதியில் இருக்கும்போதே கம்பெனி திவால். “இனி யாரிடம் போய்க் கேட்பது?” என்று ஃபைலைக் கட்டிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். முதல் தவறும் பெரிய தவறும் இதுதான்.

அந்தப் பணம் முதலாளியின் கல்லாவிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. விபத்து இழப்பீட்டுக்காக அவர் காப்பீடு எடுத்திருந்தால், காப்பீட்டு நிறுவனத்திடம் அவருக்கு இருந்த உரிமை, திவாலானதும் தொழிலாளிக்கு மாறிவிடும். 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலேயே இந்தியாவில் இதற்கு வழி வைத்துவிட்டார்கள். ஆலையைப் பூட்டிய பிறகு அக்கவுன்ட்ஸில் பதில் சொல்ல ஆள் இருக்காது. அதனால் கதவு திறந்திருக்கும்போதே பாலிசியின் முதல் பக்கத்தையாவது போனில் படம் எடுத்து வையுங்கள்.

ஈஎஸ்ஐ என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டில் இருப்பவர்கள் இழப்பீட்டு வழக்குப் போட முடியாது; அந்தக் காப்பீடே பணம் தருவதால் போடவும் தேவையில்லை. முதலாளி சந்தா கட்டவில்லையே என்று பயந்து விட்டுவிடாதீர்கள். கட்டாதது அவர் குற்றம், அதை வசூலிப்பது ஈஎஸ்ஐ கழகத்தின் வேலை.

சரி, முதலாளி எடுத்த காப்பீடு, ஈஎஸ்ஐ இரண்டுமே இல்லையென்றால்? தேசிய கம்பெனி சட்ட தீர்ப்பாயம் திவால் மனுவை ஏற்றதும், கம்பெனி மீதான வழக்குகள் நின்றுவிடும். இது தெரியாமல் பழைய வாய்தாவுக்கே அலைகிறார்கள். தீர்ப்பாயம் நியமிக்கும் அதிகாரி ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் அறிவிப்பு கொடுப்பார். வர வேண்டிய பணத்தைக் கோரி விண்ணப்பிக்கப் பொதுவாக 14 நாள்தான் அவகாசம். அதற்குத் தொழிலாளிக்கு உரியது படிவம் டி. அறிவிப்பைக் கவனிக்காமல் விட்டவர்களைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை. ஏனென்றால் கம்பெனியைக் கலைத்து விற்றாலும், அதற்கு முந்தைய 24 மாதத் தொழிலாளர் பாக்கி, அடமானக் கடன் கொடுத்த வங்கிக்குச் சமமான வரிசையில் நிற்கும். காப்பீடு இல்லாத விபத்து இழப்பீடும் அந்தப் பாக்கியில் சேர்த்திதான். பிஎஃப் பணத்தை இதோடு குழப்ப வேண்டாம், அது கம்பெனியின் சொத்தே அல்ல.

திவாலானவர் காண்ட்ராக்டர் என்றால், அவருக்கு வேலை கொடுத்த பெரிய கம்பெனியிடம் கேட்கலாம். பலர் அந்த வாசலுக்கே போவதில்லை.

அப்புறம், வேலையின் கடைசி நாளன்று “எல்லாம் பெற்றுக்கொண்டேன்” என்று நீட்டும் தாள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டால், வாங்காததை வாங்கவில்லை என்று நீங்கள்தான் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். விபத்து நடந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும் என்பதால், அந்த இழுபறிக்கு நேரமும் கிடையாது.