ஃபைலுக்கு எஃப்டிபி, பேச்சுக்கு யூஸ்நெட்: முதல்முறை தொடுபவர்களுக்கு

குமுளியில் செக்போஸ்ட்டைத் தாண்டி, கேரளப் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறேன். பிரிண்ட் எடுக்க வருகிற கல்லூரிப் பிள்ளைகளில் யாராவது, "அண்ணே, டிரைவ், வாட்ஸ்அப் எல்லாம் வர்றதுக்கு முன்னாடி ஃபைல எப்படி அனுப்பினீங்க, குரூப்பா எப்படிப் பேசுனாங்க?" என்று கேட்பது உண்டு. வாயால் சொன்னால் பாதிதான் புரியும், ஒரு தடவை செய்து பார்த்துவிட்டால் மறக்காது. அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன். ஃபைல் அனுப்ப எஃப்டிபி, குரூப்பாகப் பேச யூஸ்நெட், இரண்டும் இன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒரு லேப்டாப், சுமாரான நெட், ஒரு மணி நேரம், இவ்வளவுதான் தேவை.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஃபைலுக்கு ஓர் இடம், பேச்சுக்கு வேறோர் இடம். ஏலக்காய் மூட்டை குடோனில் கிடக்கும், விலை பற்றிய பேச்சு டீக்கடையில் நடக்கும், அப்படித்தான். 1991 ஆகஸ்ட் 25 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர், பொழுதுபோக்காக ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கொண்டிருப்பதாக யூஸ்நெட்டில் காம்ப்.ஓஎஸ்.மினிக்ஸ் என்ற குழுவில் சொன்னார். அடுத்த மாதமே அதன் ஃபைல்கள் ஃபின்லாந்தின் ஃபூனெட் எஃப்டிபி சர்வரில் ஏறின. லினஸ் மனதில் வைத்திருந்த பெயர் ஃப்ரீக்ஸ். சர்வரைக் கவனித்துக்கொண்ட ஆரி லெம்கே அந்தப் பெயர் பிடிக்காமல் ஃபோல்டருக்கு லினக்ஸ் என்று வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது. பேச்சு ஒரு பக்கம், சரக்கு ஒரு பக்கம் என்று இருந்ததால்தான், குழுவில் படித்த யார் வேண்டுமானாலும் நேரே குடோனுக்குப் போய் எடுத்துக்கொள்ள முடிந்தது.

எஃப்டிபி: முதல் தடவை உள்ளே போவது

எஃப்டிபியின் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்துவிட்டு அமெரிக்காவில் எம்ஐடிக்குப் போனவர். நம் நாட்டில் படித்த ஒருவர் எழுதியது என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும், அதனால் யார் கேட்டாலும் இதை முதலில் சொல்லிவிடுவேன்.

பிரவுசரில் முகவரியைத் தட்டிப் பார்க்க வேண்டாம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் 2021-லேயே எஃப்டிபியை எடுத்துவிட்டன. ஃபைல்ஜில்லா என்ற இலவச சாஃப்ட்வேரை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிப் போட்டுக்கொள்ளுங்கள். திறந்தால் மேலே ஹோஸ்ட், யூசர்நேம், பாஸ்வேர்ட், போர்ட் என்று நான்கு கட்டங்கள் இருக்கும். ஹோஸ்ட்டில் எஃப்டிபி புள்ளி ஜிஎன்யு புள்ளி ஓஆர்ஜி என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள் (ஜிஎன்யு என்ற இலவச சாஃப்ட்வேர் திட்டத்தின் சர்வர் இது). மற்ற மூன்றையும் காலியாக விட்டுவிட்டு குவிக்கனெக்ட்டை அழுத்துங்கள். மறையாக்கம் இல்லாத கனெக்‌ஷன் என்று எச்சரிக்கை வந்தால், இந்த இடத்துக்கு மட்டும் சரி என்று கொடுக்கலாம், ஏனென்றால் நாம் எந்த ரகசியத்தையும் கொடுக்கப் போவதில்லை. பெயரைக் காலியாக விட்டால் ஃபைல்ஜில்லா "அனானிமஸ்" என்ற பெயரில் உள்ளே போகும். அந்தக் காலத்து வழக்கமே அதுதான்: பெயர் கேட்டால் அனானிமஸ், பாஸ்வேர்ட் கேட்டால் மரியாதைக்கு உங்கள் மின்னஞ்சல் முகவரி. கணக்கு இல்லாத வழிப்போக்கரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று கதவைத் திறந்து வைத்திருந்தார்கள்.

இடது பக்கம் உங்கள் கம்ப்யூட்டர், வலது பக்கம் தூரத்து சர்வர். வலது பக்கம் ஜிஎன்யு ஃபோல்டருக்குள் போய், ஹலோ என்ற ஃபோல்டரைத் திறந்து, 2.10 என்ற எண் போட்ட, டார்.ஜிஜெட் என்று முடிகிற ஃபைலை இடது பக்கம் இழுத்துப் போடுங்கள். ஏறக்குறைய 700 கேபிதான், சிக்னல் மோசமான இடத்தில்கூட வந்துவிடும்.

வந்துவிட்டதா? சரி, இப்போது மேலே ஓடியிருக்கிற வரிகளைப் படியுங்கள். பெரும்பாலானவர்கள் கண்டுகொள்ளாத இடம் இது, எனக்கோ இதுதான் எஃப்டிபியின் ருசியே. சர்வர் சொல்கிற ஒவ்வொரு பதிலும் மூன்று இலக்க எண்ணோடு தொடங்கும். 220 என்றால் வாருங்கள், நான் தயார். 331 என்றால் பெயர் சரி, பாஸ்வேர்ட் சொல்லுங்கள். 230 என்றால் உள்ளே வந்துவிட்டீர்கள். 226 என்றால் ஃபைல் போய்ச் சேர்ந்தது. 530 வந்தால் பெயரோ பாஸ்வேர்டோ தப்பு, 550 வந்தால் அந்த ஃபைல் அங்கே இல்லை அல்லது தொட உங்களுக்கு அனுமதி இல்லை. இந்த ஆறு எண்ணும் தெரிந்தால் முக்கால்வாசிப் பிரச்சினையை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

நடுவில் 227 என்று ஒரு வரியும், அதற்குப் பக்கத்தில் கமா போட்ட ஆறு எண்களும் வந்திருக்கலாம். எஃப்டிபி ஒரே கனெக்‌ஷனில் வேலை செய்வதில்லை. போர்ட் 21 என்ற வாசலில் கட்டளை மட்டும் போய்வரும், ஃபைல் வருவதற்குத் தனியாக இன்னொரு பாதை திறக்கும். அந்த இரண்டாவது பாதை எங்கே என்று சொல்வதுதான் அந்த ஆறு எண்கள். முதல் நான்கு சர்வரின் ஐபி முகவரி. ஐந்தாவதை 256-ஆல் பெருக்கி ஆறாவதைக் கூட்டினால் போர்ட் எண். கடைசி இரண்டும் 195, 80 என்று வந்தால் 49,920-உடன் 80 சேர்த்து 50,000. ஒரு தடவை பேப்பரில் போட்டுப் பாருங்கள், அப்புறம் "லாகின் ஆகுது, ஆனா லிஸ்ட் வரல" என்ற புகார் எங்கிருந்து கிளம்புகிறது என்று தானாகவே புரியும்: முதல் பாதை திறந்துவிட்டது, இரண்டாவதை ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டிருக்கிறது. விண்டோஸோடு வருகிற பழைய எஃப்டிபி கட்டளையில் பெரும்பாலும் இதுதான் நடக்கும். அது சர்வரைத் திரும்பி நம்மிடம் வரச் சொல்லும், வீட்டு ரௌட்டர் வெளியிலிருந்து வருகிறவரை வாசலிலேயே நிறுத்திவிடும். ஃபைல்ஜில்லா நம் பக்கத்திலிருந்தே இரண்டு பாதையையும் திறப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

பைனரியா, ஆஸ்கியா?

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மங்கலதேவி கண்ணகி கோயில் சித்திரா பௌர்ணமிக்கு ஒரு நோட்டீஸ் டிசைன் செய்து, தேனியில் ஒரு பிரஸ்ஸுக்கு எஃப்டிபியில் ஏற்றினேன். கட்டளைத் திரையில் செய்த வேலை. அங்கே திறந்தால் படம் மேலே கொஞ்சம் சரியாகவும் கீழே முழுக்கக் கோடு கோடாகவும் இருக்கிறது என்று போன் வந்தது. திரும்ப ஏற்றினேன், திரும்பவும் அதே. கடைசியில் இரண்டு பக்கமும் ஃபைல் அளவை ஒப்பிட்டோம். ஏறக்குறைய 6 எம்பி ஃபைலில் தொண்ணூற்றுச் சொச்சம் பைட் குறைந்திருந்தது.

காரணம் இதுதான். எழுத்து ஃபைலில் வரி முடிவைக் குறிக்க விண்டோஸ் 13, 10 என்று இரண்டு பைட் வைக்கும், லினக்ஸ் சர்வர் 10 மட்டும் வைக்கும். எழுத்து ஃபைலுக்கென்றே இருக்கிற ஆஸ்கி முறையில் அனுப்பினால் எஃப்டிபி நமக்கு உதவுவதாக அந்த 13-ஐக் கழித்துவிடும். எழுத்துக்கு அது சரி. படத்துக்குள் தற்செயலாக 13, 10 அடுத்தடுத்து வருகிற இடத்திலெல்லாம் ஒரு பைட் போனால் படம் என்ன ஆகும்? கட்டளைத் திரையில் வேலை செய்தால், உள்ளே போனதும் "பைனரி" (எந்த பைட்டையும் தொடாமல் அப்படியே அனுப்பு) என்று அடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. ஃபைல்ஜில்லாவில் டிரான்ஸ்ஃபர் மெனுவுக்குள் டிரான்ஸ்ஃபர் டைப்பில் பைனரியைத் தேர்ந்தெடுத்து வையுங்கள். அனுப்பி முடித்ததும் இரண்டு பக்கமும் பைட் கணக்கு ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், நான் இன்றைக்கும் பார்க்கிறேன்.

ஏற்றுவதற்குப் பழக வெளி சர்வர் வேண்டாம், உங்கள் போனே போதும். பல ஃபைல் மேனேஜர் ஆப்களில் எஃப்டிபி சர்வர் என்று ஒரு வசதி இருக்கும். போனும் லேப்டாப்பும் ஒரே வைஃபையில் இருக்கட்டும், ஆப் காட்டுகிற முகவரியையும் போர்ட் எண்ணையும் ஃபைல்ஜில்லாவில் போடுங்கள். டேட்டா செலவே ஆகாது. ஆனால் ஒன்று, சாதாரண எஃப்டிபியில் பாஸ்வேர்ட் மறைக்கப்படாமல் வெறும் எழுத்தாகவே போகும். பஸ் ஸ்டாண்ட் வைஃபையில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். சொந்த சர்வர், அலுவலக சர்வர் என்றால் எல்லாவற்றையும் மறைத்து அனுப்புகிற, போர்ட் 22-இல் ஓடும் எஸ்எஃப்டிபியைக் கேட்டு வாங்குங்கள்.

யூஸ்நெட்: பேச்சு எப்படி ஊர் ஊராகப் போகிறது

1979-இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் யோசித்து, பக்கத்துப் பல்கலைக்கழகத்து ஸ்டீவ் பெல்லோவின் முதல் நிரலை எழுதி, 1980-இல் வெளியே வந்தது யூஸ்நெட். இதற்கு நடுவில் ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டர் என்று எதுவும் கிடையாது. எங்கள் பக்கம் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு விடிகாலையில் கம்பத்திலிருந்து ஜீப்கள் வரும். குமுளியில் ஒரு டிரைவர் சொன்ன சேதியை அடுத்தவர் அணைக்கரைக்குக் கொண்டுபோவார், அங்கிருந்து வண்டன்மேட்டுக்கு, நெடுங்கண்டத்துக்கு. ஏற்கெனவே கேட்டவர், "அது தெரியும், வேற சொல்லு" என்பார். யூஸ்நெட் சர்வர்களும் அப்படியேதான். ஒவ்வொரு சர்வரும் தன்னிடம் வந்ததை வைத்துக்கொண்டு அடுத்த சர்வருக்குக் கொடுக்கும், அது ஏற்கெனவே வாங்கியதாக இருந்தால் வேண்டாம் என்றுவிடும்.

உள்ளே போக தண்டர்பேர்ட் என்ற இலவச மெயில் சாஃப்ட்வேர் போதும். முதலில் எட்டர்னல் செப்டம்பர் என்ற இலவச சர்வரில் பதிவு செய்து யூசர்நேம், பாஸ்வேர்ட் வாங்குங்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் ஒவ்வொரு செப்டம்பரிலும் புது மாணவர்கள் யூஸ்நெட்டுக்குள் வந்து, ஒரு மாதத்தில் பழகிவிடுவார்கள். வெளியாட்கள் பெருங்கூட்டமாக வந்த பிறகு, 1993 செப்டம்பர் முடியவே இல்லை என்று பழையவர்கள் சொன்னார்கள், பெயர் அதிலிருந்து வந்தது. தண்டர்பேர்டில் புது அக்கவுண்ட் சேர்க்கும் இடத்தில் நியூஸ்குரூப் என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள் (மெனு பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறும்). சர்வர் முகவரி: நியூஸ் புள்ளி எட்டர்னல்-செப்டம்பர் புள்ளி ஓஆர்ஜி. செட்டிங்ஸில் எஸ்எஸ்எல் (மறையாக்கம்) போட்டு போர்ட் 563 வையுங்கள். ஒவ்வொரு முறையும் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கச் சொல்கிற டிக்கையும் போடுங்கள், அதை மறந்தால் சர்வர் உள்ளே விடாது. மின்னஞ்சல் கேட்கிற இடத்தில் உங்கள் நிஜ முகவரியைக் கொடுக்காமல், டாட் இன்வேலிட் என்று முடிகிற ஒரு முகவரியைக் கொடுங்கள். அங்கே போடுவது எல்லோர் கண்ணிலும் படும், ஸ்பேம் அனுப்புகிறவர் கண்ணிலும்தான்.

அப்புறம் அக்கவுண்ட் மேல் ரைட் கிளிக் செய்து சப்ஸ்கிரைப். குழுக்களின் பெயரை இடமிருந்து வலமாகப் படியுங்கள்: காம்ப் என்றால் கம்ப்யூட்டர், சை என்றால் அறிவியல், ரெக் என்றால் பொழுதுபோக்கு, சோக் என்றால் சமூகம். சோக்.கல்ச்சர்.தமிழ் என்று நமக்கே ஒரு குழு இருந்தது. யூனிகோட் பரவாத 90-களில் தமிழைப் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்கள். பழைய பேச்சைப் படிக்க ஆசை என்றால் கூகுள் குரூப்ஸில் 1981-இலிருந்து தொடங்குகிற சேமிப்பு இருக்கிறது. 2024 பிப்ரவரி 22-க்குப் பிறகு புதியது எதுவும் அங்கே சேர்வதில்லை.

முதல் பதிவை ஆல்ட்.டெஸ்ட்டில் போடுங்கள், சோதனைக்கென்றே இருக்கிற குழு அது. போட்டுவிட்டு, அதில் வேறு யாராவது எழுதிய ஒன்றைத் திறந்து கன்ட்ரோலும் யு-வும் சேர்த்து அழுத்துங்கள். பாத் என்று ஒரு வரி தெரியும், சர்வர் பெயர்களுக்கு நடுவே ஆச்சரியக்குறி போட்டிருக்கும். கடைசியாக வாங்கிய சர்வர் முதலில், எழுதியவருடைய சர்வர் கடைசியில். அந்த ஜீப் எந்தெந்த ஊர் வழியாக வந்தது என்று அப்படியே தெரியும். கீழே மெசேஜ்-ஐடி இருக்கும், "அது தெரியும்" என்று சர்வர் சொல்வது அதைப் பார்த்துத்தான்.

பதில் எழுதும்போது, முன்னால் எழுதியவரின் வரிகளுக்கு முன் ஒரு கோணக்குறி வரும். முழுசையும் அப்படியே விட்டுவிடாமல், நீங்கள் பதில் சொல்லப் போகிற இரண்டு வரியை மட்டும் வைத்து, அதற்குக் கீழே எழுதுங்கள். போட்டதைத் திரும்ப எடுக்க முடியும் என்று நம்பாதீர்கள். ரத்து செய்யச் சொல்லி அனுப்பலாம், ஆனால் பல சர்வர்கள் அதைக் கேட்பதில்லை, அதற்குள் உங்கள் வரி எத்தனையோ ஊர் போயிருக்கும். அதனால் ஆல்ட்.டெஸ்ட்டைத் தவிர வேறு எந்தக் குழுவிலும் ஒரு வாரம் சும்மா படியுங்கள். அங்கே யார் என்ன பேசுகிறார்கள், எஃப்ஏக்யூ (அடிக்கடி கேட்கிற கேள்விகளும் பதில்களும்) என்று யாராவது போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, எட்டாம் நாள் உங்கள் கேள்வியைப் போடுங்கள்.