4 அடி மீன் தொட்டிக்கு ஆடாத மரத் தாங்கி செய்வது எப்படி?

முதலில் பாரத்தைக் கணக்குப் பாருங்கள். 4 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரம் உள்ள தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் தண்ணீர் மட்டும் ஏறக்குறைய 255 லீற்றர். எடையும் அதே 255 கிலோ. 10 மில்லிமீற்றர் கண்ணாடி 50 கிலோவைத் தாண்டும். 2 அங்குலச் சரளைக்கு இன்னும் 45 சேருங்கள். ஆக 350 கிலோ. ஏழு சீமெந்து மூட்டைகளைக் கூடத்தில் அடுக்கியதற்குச் சமம்.

மரம்: என் தெரிவு பலா. முதிரை உறுதிதான், ஆனால் புதியவர் கையில் திருகாணி முறியும். எம்.டி.எஃப். எனும், மரநாரை அழுத்திச் செய்த பலகையைத் தொடவே வேண்டாம். ஈரம் பட்டால் ஊதிவிடும். கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் வாங்கினால் மரம் நன்றாகக் காய்ந்திருக்கும். மாரியில் வாங்கினால் சில வாரங்கள் நிழலில் அடுக்கி வையுங்கள். 4 அங்குலத்துக்கு 2 அங்குலச் சட்டம் கேளுங்கள். இழைத்த பின் கனம் குறையும் என்பதால், கையில் உள்ள மரத்தை அளந்தே கீழுள்ள கணக்கைத் திருத்த வேண்டும்.

மேலே ஒரு சட்டகம், கீழே ஒரு சட்டகம். இரண்டும் 48 அங்குலத்துக்கு 18 அங்குலம். குறுக்குத் துண்டுகள் 14 அங்குலம், நடுவிலும் ஒன்று. இடையே 22 அங்குலத்தில் ஆறு கால்கள்: மூலைக்கு ஒன்று, நீளப் பக்கங்களின் நடுவில் ஒவ்வொன்று. மொத்த உயரம் 30 அங்குலம்.

கால்கள் கீழ்ச் சட்டகத்தின் மேல் நிற்க வேண்டும். மேல் சட்டகம் கால்களின் தலையில் உட்கார வேண்டும். பலர் சட்டகத்தைக் கால்களின் பக்கவாட்டில் வைத்துத் திருகுகிறார்கள். அப்படிச் செய்தால் 350 கிலோவும் திருகாணிகளில் தொங்கும். பாரம் மரத்தின் மீது மரமாக இறங்க வேண்டும். திருகாணிக்கு வேலை, துண்டுகளை விலகாமல் பிடிப்பது மட்டுமே. ஒவ்வொரு காலின் உட்புறத்திலும் 29½ அங்குல ஒட்டுச் சட்டம் வைத்து, மேல் சட்டகம், கால், கீழ்ச் சட்டகம் மூன்றையும் அதனுடன் மரப் பசையும் திருகாணியும் கொண்டு இணையுங்கள். அரை அங்குலம் குறைத்தது, அதன் தலை கண்ணாடியை முட்டாமல் இருக்கத்தான். திருகும் முன் துளையிடுங்கள். ஆணி அடிக்காதீர்கள்.

இனி, அவசரப்படக் கூடாத இடம். ஒரு கால் 2 மில்லிமீற்றர் குட்டையானாலும் கண்ணாடி அந்த மூலையில் முறுக்குப்படும். இன்று இல்லாவிட்டாலும் பிறகு ஒரு நாள் சிலிக்கன் பிரியும் அல்லது அடிக்கண்ணாடி வெடிக்கும். அதனால் கால்களை ஒவ்வொன்றாக நாடாவால் அளந்து அறுக்காதீர்கள். முதல் காலை அச்சாக வைத்து மற்ற ஐந்தையும் குறியுங்கள், பிறகு ஆறையும் சேர்த்துக் கட்டித் தலைகளை ஒன்றாக இழையுங்கள். திருகாமலே மேல் சட்டகத்தை வைத்து, ஒவ்வொரு காலின் தலையிலும் ஒரு கடதாசித் துண்டை நுழைத்துப் பாருங்கள். எங்கும் போகக் கூடாது. மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு நூல்களை இழுத்துக் கட்டினால் நடுவில் அவை ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். இடைவெளி தெரிந்தால் சட்டகம் முறுகியிருக்கிறது.

பக்கவாட்டு ஆட்டத்தை நிறுத்த, பின்புறம் முழுவதும் 9 மில்லிமீற்றர் பிளைவுட் அடையுங்கள். வடிகட்டிக் குழாய்க்கு ஓட்டை விட மறக்க வேண்டாம். வார்னிஷ் எல்லா முகங்களுக்கும். முக்கியமாக, யாருக்கும் தெரியாத அடிப்பக்கத்துக்கு.

வைக்கும் இடத்தில் இரசமட்டம் பாருங்கள். கழுவும் தண்ணீர் ஓடுவதற்காக நம் வீட்டுத் தரைகளில் சரிவு விட்டிருப்பார்கள். ஆப்பு வைப்பதானால் தாங்கிக்கும் தரைக்கும் இடையில்தான். தொட்டிக்கும் தாங்கிக்கும் இடையில் அல்ல. மேலே ஒரு பிளைவுட் பலகை, அதன் மேல் ரெஜிபோம் எனும் வெள்ளை நுரைத் தகடு. பிளாஸ்டிக் விளிம்புள்ள தொட்டியானால் ரெஜிபோம் தேவையில்லை. பாதி நிரப்பி, மறுநாள் மீண்டும் மட்டம் பார்த்த பின் மீதியை ஊற்றுங்கள்.

பின்சேர்க்கை: கடல் மீன் வளர்க்கும், திருகோணமலை உப்புவெளியைச் சேர்ந்த வாசகர் ஒருவர், உப்புத் தண்ணீருக்கு இந்தத் தாங்கி போதுமா என்று கேட்டிருந்தார். எடை ஏறக்குறைய 6½ கிலோதான் கூடும், தாங்கும். ஆனால் தெறிக்கும் உப்புநீர் சாதாரண இரும்பைத் தின்றுவிடும். திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகிலும், கதவு வைத்தால் பிணைச்சல்கள் பித்தளையிலும் இருக்கட்டும்.